கட்டளையின் கதை – 9: உப்புச் சேர்ந்த சொல்

சென்ற அத்தியாயத்தில், திரையே இல்லாத காலத்தில் மனிதர்கள் தட்டச்சு எந்திரத்தின் வழியாகக் கணினியோடு பேசிய கதையைப் பார்த்தோம். அந்த எந்திரங்களின் கடகடச் சத்தம் ஓர் இடத்தில் மட்டும் அடங்கிப்போகும். கணினி நம்மிடம் கடவுச்சொல் கேட்கும் இடம் அது. இந்த அத்தியாயம் அந்த மௌனத்தின் வரலாறு.

இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது மரக்காணத்தில்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊரின் உப்பளங்கள் பழக்கமானவை. வரப்பு கட்டிப் பிரித்த பாத்திகள், வாரிக் குவித்த வெள்ளை அம்பாரங்கள், அவற்றின் மேல் போர்த்திய கீற்று. கடலும் பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியும் சேர்ந்து செய்த மண் அது. இந்த விழுப்புரம் மாவட்டத்தில்தான் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து வருகிறது. அந்த மாதிரி முயற்சிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, நானும் நண்பர்கள் சிலரும் ஒரு கோடை விடுமுறையில் மரக்காணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தோம். நான்கைந்து பழைய மடிக்கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ்.

பிளஸ் டூ முடித்த ஒரு பெண். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார். டெர்மினலைத் திறந்து, நான் பலகையில் எழுதியிருந்த, நிர்வாகி உரிமை கேட்கும் சூடோ கட்டளையைப் பிசகாமல் தட்டினாள். கணினி அவள் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. அவள் தட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. எழுத்து இல்லை, புள்ளி இல்லை, கர்சர்கூட நகரவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினாள். பக்கத்துப் பையனின் மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"அண்ணா, கீபோர்டு போயிடுச்சுண்ணா. நான் ஒண்ணும் பண்ணல."

கடைசி மூன்று சொற்கள் என்னைச் சுட்டன. கணினி பேசாமல் இருந்ததற்கு அந்தப் பெண் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள். காலையில் அதே கணினிக்குள் நுழையும்போது வண்ணத்திரை அவள் தட்டிய ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி வைத்தது. அவளுடைய கைபேசி கடைசி எழுத்தை ஒரு கணம் காட்டிவிட்டு மறைக்கும். மூன்றாவது இடத்தில் இருட்டு. ஒரே சொல்லைக் கேட்பதற்கு மூன்று வழக்கம். புதிதாக வருகிறவர் எதை நம்புவார்?

எதிரொலி

முதலில் அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டுகிறோம், திரையில் தெரிகிறது. விரலிலிருந்து நேராகத் திரைக்குப் போனதாக நினைத்துக்கொள்கிறோம். கட்டளை வரியில் அப்படி நடப்பதில்லை. தட்டிய எழுத்து முதலில் கணினிக்குப் போகிறது. அதை வாங்கிக்கொண்ட கணினி, 'வந்து சேர்ந்தது' என்று தகவல் சொல்வதுபோல் அதே எழுத்தைத் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்ப்பது திரும்பி வந்த எழுத்தை. இதற்கு 'எக்கோ', அதாவது எதிரொலி என்று பெயர். மலையைப் பார்த்துக் கூப்பிட்டால் நம் குரலே நமக்குக் கேட்பது மாதிரி.

1963இல் சந்தைக்கு வந்த டெலிடைப் மாடல் 33 எந்திரம் நொடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும். அதில் திரை கிடையாது, காகிதச் சுருள்தான். கணினி எதிரொலித்தால் காகிதத்தில் எழுத்து விழும், எதிரொலியை நிறுத்தினால் காகிதம் வெறுமையாக இருக்கும். கடவுச்சொல்லை மறைக்க வேண்டுமா? எதிரொலியை நிறுத்து. அவ்வளவுதான். இன்று மரக்காணத்தில் ஒரு பெண்ணைத் திகைக்கவைத்த வெற்றிடம், அறுபது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் விடப்பட்ட வெற்றிடத்தின் வாரிசு.

எல்லா எந்திரத்திலும் இது முடியவில்லை. சில தட்டச்சு முனையங்கள் கணினியைக் கேட்காமல் தாங்களே அச்சடித்துவிடும். அப்போது மல்ட்டிக்ஸ் போன்ற அக்கால இயக்குதளங்கள் வேறு வழி கண்டன. கடவுச்சொல் கேட்பதற்கு முன், ஒரே இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து ஒரு கறுப்புத் திட்டை உண்டாக்கும். அந்தக் கறுப்பின் மேல் நீங்கள் தட்ட வேண்டும். என்ன அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரவு அச்சான பட்டியல்

கணினியில் கடவுச்சொல் பிறந்த இடம் என்று பொதுவாகச் சுட்டப்படுவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை. பலர் வந்துபோகும் வீடு என்றால் ஆளுக்கொரு அறையும் அறைக்கொரு பூட்டும் வேண்டும் அல்லவா? அந்தப் பூட்டுதான் கடவுச்சொல். தமிழில் 'கடவு' என்றால் வழி. வழிவிடும் சொல் என்ற பொருள் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பூட்டு வந்த கொஞ்ச நாளிலேயே திருட்டும் வந்தது. அந்தக் கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதவில்லை. 1962 வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொல் கோப்பை அச்சடித்துத் தரும்படி துளையட்டையில் ஒரு வேண்டுகோள் போட்டார். மறுநாள் காலை, எல்லாருடைய கடவுச்சொல்லும் அடங்கிய தாள்கள் அச்சுக் கட்டுகளோடு அவருக்காகக் காத்திருந்தன. இதை அவர் ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து.

1960களின் நடுவில் இன்னொரு விபத்து. உள்ளே நுழைகிறவர்களுக்குக் காட்டும் 'இன்றைய அறிவிப்பு' என்ற கோப்பும் கடவுச்சொல் கோப்பும் ஒரு திருத்துநிரலின் குழப்பத்தால் இடம் மாறிவிட்டன. அன்று நுழைந்தவர்களுக்கெல்லாம் வணக்கத்துக்குப் பதிலாக ஊரின் மொத்தச் சாவிக்கொத்தும் அச்சாகி வந்தது. டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் கார்பட்டோவே இதை எடுத்துச் சொன்னார்.

இரண்டு சம்பவத்திலும் கேட்கும் இடத்தில் குறை இல்லை. தட்டிய சொல் காகிதத்தில் விழவில்லை, தோளுக்குப் பின்னால் நின்றவர் பார்க்கவில்லை. வாங்கி வைத்த இடத்தில் சொல் அப்படியே, பச்சையாகக் கிடந்தது. அதுதான் வினை.

ஒரு சிட்டிகை

இங்கேதான் கதைக்குள் உப்பு வருகிறது.

யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்து, அரைத்த மாவை மட்டும் கோப்பில் வைத்தார்கள். நுழைகிறவர் சொல்லைத் தட்டினால் அதையும் அதே எந்திரத்தில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். 1979 நவம்பரில் இருவரும் தங்கள் அனுபவத்தை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். கணினிப் பாதுகாப்பு படிக்கிற எவரும் இன்றும் படிக்க வேண்டிய நான்கு பக்கம்.

அவர்கள் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 15 பேர் ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேருக்கு இரண்டெழுத்து. 464 பேருக்கு மூன்றெழுத்து. அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் இருந்தவை 492. மற்ற எளிய வகைகளையும் சேர்த்துக் கூட்டினால் எளிதில் ஊகிக்கத் தக்கவை 2,831, அதாவது 86 சதவீதம்.

திருடன் செய்யக்கூடியது தெளிவாகத் தெரிந்தது. அகராதி முழுவதையும் ஒரு தடவை அரைத்துப் பட்டியல் போட்டுக்கொண்டால், எந்த ஊர்க் கோப்பு கையில் கிடைத்தாலும் மாவை மாவோடு ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம். மரக்காணத்தில் இரண்டு பேர் தங்கள் குலதெய்வத்தின் பெயரையே வைத்திருந்தால், இரண்டு மாவும் ஒன்றுபோல் இருக்கும். ஒருவருடையது உடைந்தால் இன்னொருவருடையதும் உடைந்தது.

மாரிஸும் தாம்சனும் சொன்ன தீர்வு: அரைப்பதற்கு முன் ஒவ்வொருவர் சொல்லிலும் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துவிடு. ஆளுக்கு ஆள் உப்பு வேறு. 12 பிட் அளவுள்ள ஓர் எண், அதாவது 4,096 வகை. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் இப்போது மாவு வேறுவேறாக இருக்கும். திருடன் அகராதியை ஒரு தடவை அரைத்தால் போதாது, ஒவ்வொரு வகை உப்புக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டும். அரைப்பதையும் வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். ஒரு சொல்லுக்கு எந்திரத்தை 25 சுற்று ஓட்டினார்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த உப்பு ரகசியம் இல்லை. யூனிக்ஸ் கோப்பில் 13 எழுத்தாகச் சேமிக்கப்பட்ட மாவின் முதல் இரண்டு எழுத்தே உப்புதான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மரக்காணத்தில் சாலையோரம் உப்பு வெட்டவெளியில் கீற்றுப் போர்த்திக் கிடப்பதைப் போல. ஒளித்து வைப்பதில் அதன் பலம் இல்லை. கலந்த பிறகு பிரித்தெடுக்க முடியாது என்பதில் இருக்கிறது. குழம்பில் கரைந்த உப்பை யாரால் எடுக்க முடியும்?

அந்த நான்கு பக்கக் கட்டுரைக்கு ஒரு பின்கதை உண்டு. பி.எஸ்.டி. யூனிக்ஸின் பழைய மூலநிரல் தொகுப்பில் தாம்சன், அவரோடு யூனிக்ஸை உருவாக்கிய ரிட்சி போன்றோரின் உப்புச் சேர்ந்த மாவுகள் அப்படியே தங்கிவிட்டன. பல உடைந்தபோதும் தாம்சனுடையது நெடுநாள் நின்றது. 2019 அக்டோபரில் ஒருவர் நவீன கிராஃபிக்ஸ் அட்டையை நான்கு நாளுக்கு மேல் ஓடவிட்டு அதையும் உடைத்தார். உள்ளே இருந்தது சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் குறிப்பு. நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த எட்டு எழுத்து. இன்று 4,096 வகை போதாது. 1999இல் வந்த பிகிரிப்ட் என்ற அரைவை 128 பிட் உப்பைப் பயன்படுத்துகிறது. முறை மட்டும் அதேதான்.

கேட்பது யார் வேலை?

வாங்கி வைக்கும் சிக்கலை உப்பு தீர்த்தது. கேட்கும் சிக்கல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நிரலும் தன் இஷ்டத்துக்குக் கேட்டால் என்ன ஆகும்?

அதே 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கெட்பாஸ்' என்ற சிறு செயற்கூறு இருந்தது. எந்த நிரலும் கடவுச்சொல் கேட்க அதைக் கூப்பிடலாம். கேள்வியை அச்சடிக்கும், எதிரொலியை நிறுத்தும், ஒரு வரி வாங்கும், எதிரொலியைத் திரும்பப் போடும். பார்க்க எளிதாக இருந்தாலும் அதில் ஆழமான இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்று, அது வழக்கமான உள்ளீட்டு வழியை நம்பவில்லை. யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாகக் குழாய் மாதிரி இணைக்கலாம். நடுவில் கடவுச்சொல் கேட்டால், குழாயில் வரும் தரவின் முதல் வரியையே கடவுச்சொல் என்று நிரல் விழுங்கிவிடும். அதனால் கெட்பாஸ், 'டிடிஒய்' என்ற சிறப்புக் கோப்பைத் திறந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடமே நேராகக் கேட்டது. அது முடியாவிட்டால்தான் வழக்கமான வழி.

இரண்டாவது, எதிரொலியை நிறுத்தியவரே திரும்பப் போட வேண்டும் என்ற பொறுப்பு. கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்கும்போது பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தி நிரலைக் கொன்றுவிட்டால், எதிரொலி நின்றது நின்றபடியே இருந்துவிடும். அதன்பின் என்ன தட்டினாலும் தெரியாது. லினக்ஸில் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ரீசெட்' என்று தட்டி மீள்வார்கள். புதியவர் கணினியையே அணைப்பார். ஏழாம் பதிப்பின் கெட்பாஸ், கேட்டு முடிக்கும்வரை அந்தக் குறுக்கீட்டைக் காதில் போட்டுக்கொள்ளாது.

அதன் பெரிய குறை, எட்டு எழுத்துக்கு மேல் வாங்காது. 1997இல் யூனிக்ஸ் தரவிதிகள் அதைப் பழையது என்று குறித்தன, 2001இல் நீக்கிவிட்டன. ஆனால் அந்த இடத்தில் எல்லாருக்கும் பொதுவான மாற்று எதையும் தரவிதி வைக்கவில்லை. ஓபன்பி.எஸ்.டி. குழு 'ரீட்பாஸ்ஃப்ரேஸ்' என்று நல்ல ஒன்றைச் செய்தது. பைத்தான் தன் சொந்தக் கெட்பாஸை வைத்துக்கொண்டது. பேஷ் ஷெல்லில் ஒன்று, மற்றதில் மற்றொன்று. வீட்டுக்கு வீடு வாசற்படி.

இதற்கு நடுவில் 1995இல் சன் நிறுவனத்தில் ஒரு முக்கியமான யோசனை பிறந்தது. விபின் சமரும் ரோலண்ட் ஷெமர்ஸும் அந்த அக்டோபரில் எழுதிய ஆவணம் பி.ஏ.எம். என்ற முறையை முன்வைத்தது. அடுத்த ஆண்டே லினக்ஸுக்கும் வந்தது. இன்று சூடோ முதல் உள்நுழைவுத் திரை வரை லினக்ஸில் ஏறத்தாழ எல்லாம் அதன் வழியாகத்தான் ஆளைச் சரிபார்க்கின்றன.

அதன் மையக் கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. சரிபார்க்கும் பகுதி தானாகப் பயனரிடம் பேசவே கூடாது. தன்னைக் கூப்பிட்ட நிரலிடம் 'இதைக் கேட்டுச் சொல்' என்று கொடுக்க வேண்டும். கேட்பதில் நான்கே வகை: எதிரொலி இல்லாமல் கேள், எதிரொலியோடு கேள், பிழையைச் சொல், தகவலைச் சொல். கூப்பிட்டது டெர்மினல் நிரலாக இருந்தால் இருட்டில் கேட்கும், வண்ணத்திரையாக இருந்தால் கட்டம் போட்டுக் கேட்கும். சரிபார்ப்பது ஒருவர், பேசுவது ஒருவர். ஜி.என்.யு. பி.ஜி. என்ற மறைகுறியாக்கக் கருவியும் இதே பாதையில் போய், கேட்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட 'பின்என்ட்ரி' என்ற தனி நிரலை வைத்திருக்கிறது.

அம்மாவின் உப்பளத்தைக் காட்ட அந்தப் பெண் எங்களை ஒருநாள் அதிகாலையில் கூட்டிப்போனாள். அவர் பாத்தியில் நின்று நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். என்னிடமும் கொடுத்தார். நான் இழுத்ததும் உப்போடு கருஞ்சேறும் வந்தது. "அமுக்காதீங்க சார். மேலாக்க இழுங்க. அடிமண்ணு வந்துட்டா உப்பு கெட்டுடும்" என்றார். அவர் இழுத்தபோது பலகைக்கு முன்னால் வெள்ளையாகத் திரண்டு வந்தது, பாத்தியின் தரை அப்படியே இருந்தது.

ஒரு வரியை வாங்கும் நிரலுக்கும் இந்தக் கை வேண்டும். பயனர் தட்டிய வரியின் முடிவில் என்டர் விசையின் குறி ஒன்று இருக்கும். அதை மட்டும் எடுக்க வேண்டும். 'சுத்தம் செய்கிறேன்' என்று முன்னும் பின்னும் உள்ள இடைவெளியையும் சுரண்டினால், இடைவெளியைத் தன் கடவுச்சொல்லில் வேண்டுமென்றே வைத்தவர் வெளியே நிற்பார். ஒரு நிரல் சுரண்டி, இன்னொன்று சுரண்டாமல் விட்டால் இன்னும் மோசம். ஓர் இடத்தில் வைத்த சொல் மறு இடத்தில் செல்லாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

நட்சத்திரத்தின் விலை

அப்படியானால் எழுத்துக்கு ஒரு நட்சத்திரம் காட்டிவிட்டால் என்ன? சூடோவில் அதற்கு ஒரு தெரிவு நெடுநாளாக இருக்கிறது. லினக்ஸ் மின்ட் அதை இயல்பாகவே போட்டுத் தருகிறது. தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கு எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடும் என்பது பழைய வாதம். 86 சதவீதம் எளிதில் ஊகிக்கக்கூடியது என்ற காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. காகிதத்தில் விழுந்த நட்சத்திரம் குப்பைக்கூடை வரை போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

2020 ஜனவரியில் வேறொரு விலை வெளிப்பட்டது. நட்சத்திரம் காட்டும் தெரிவு போடப்பட்ட சூடோவில், வரியை அழிக்கும்போது நட்சத்திரங்களையும் அழிக்கும் பகுதி இடத்தைத் தவறாகக் கணக்கிட்டது. அதை வைத்து, சூடோ உரிமையே இல்லாதவர்கூட நினைவகத்தில் எல்லை தாண்டி எழுத முடிந்தது. 1.8.31 பதிப்பில் சரிசெய்தார்கள். ஓர் உதவிக்காகச் சேர்த்த சில வரிகள், நிரலின் மிகக் காவலான இடத்தில் ஓட்டை போட்டன.

இதிலிருந்து நட்சத்திரம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கேட்பது என்பது நிரலில் மிகவும் கவனம் வேண்டிய வேலை, ஆளாளுக்குப் புதிதாக எழுதக்கூடாது. ஒரே இடத்தில், நன்றாகச் சோதித்து, எல்லாரும் அதையே பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் ஓட்டையும் ஒரே இடத்தில் அடைபடும்.

'மரக்காணம்' என்று தட்டினால்

தமிழில் கடவுச்சொல் வைத்தால் என்ன ஆகும் என்று அந்த வகுப்பிலேயே ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் அவ்வளவு எளிதாக இல்லை.

'மரக்காணம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ம, ர, க், கா, ண, ம்: நமக்கு ஆறு எழுத்து. யூனிகோட் கணக்கில் புள்ளியும் கால்குறியும் தனித்தனி என்பதால் ஒன்பது. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 27. நட்சத்திரம் காட்டும் நிரல் எத்தனை நட்சத்திரம் போட வேண்டும்? ஆறா, ஒன்பதா, இருபத்தேழா? தவறிப்போய் ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்துப் போகுமா, மேலே உள்ள புள்ளி மட்டும் போகுமா? 2004 வரை லினக்ஸின் டெர்மினல் பகுதிக்கு இந்தப் பைட் கணக்கே தெரியாது. ஒரு பைட்டை மட்டும் அழித்துவிட்டு, மிச்சத்தை உடைந்த எழுத்தாக விட்டுவிடும். எதிரொலி இல்லாத இருட்டில் அது நடந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

எட்டெழுத்து எல்லை என்றேனே, அதைத் தமிழுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே எழுத்து என்பது பைட். எட்டு பைட்டில் 'ம'வும் 'ர'வும் முழுதாக அடங்கும், மூன்றாவது எழுத்தின் முதல் இரண்டு பைட் மட்டும் அடங்கும். தமிழின் மெய்யெழுத்து வரிசைக்கெல்லாம் அந்த இரண்டு பைட்டும் ஒன்றேதான். ஆகவே பழைய யூனிக்ஸ் எந்திரத்துக்கு 'மரக்காணம்', 'மரம்', 'மரபு' மூன்றும் ஒரே சொல். ஒருவர் ஊர்ப்பெயரை வைத்துப் பூட்டினால் இன்னொருவர் 'மரம்' என்று தட்டித் திறந்துவிடலாம். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய எட்டு என்ற எண், நம் மொழிக்கு இரண்டரை எழுத்தாகச் சுருங்கியது.

இன்னும் ஒன்று. 'கொடி' என்ற சொல்லில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம், அல்லது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. பைட்டில் வேறு. வேறு பைட்டை அரைத்தால் வேறு மாவு. வீட்டில் ஒரு விசைப்பலகையில் வைத்த சொல், அலுவலகத்தில் இன்னொரு விசைப்பலகையில் மறுக்கப்படும். இதற்காகவே இணையத் தரவிதிகளை வகுக்கும் குழு 2017இல் 8265 எண்ணுள்ள ஆவணத்தில், கடவுச்சொல்லை ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொன்னது. எல்லா நிரல்களும் இன்னும் செய்வதில்லை.

அதனால் அந்தப் பையனிடம், கணினிக்குள் நுழையும் சொல்லை இப்போதைக்குத் தமிழில் வைக்காதே என்றுதான் சொல்ல முடிந்தது. சொல்லும்போது வருத்தமாக இருந்தது. தன் மொழியில் ஒரு ரகசியம் வைத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. அது அவனுக்குக் கிடைக்காததற்குக் காரணம், கேட்கும் விதத்தை நாம் இன்னும் ஒழுங்கு செய்யாதது.

கேட்கும் முறை

அறுபது ஆண்டு வரலாறு கற்றுத் தந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளைவரி நிரல் எழுதும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லைக் கட்டளையின் கூடவே தட்டச் சொல்லாதீர்கள். ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அது பதிந்துவிடும், அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனிதரிடம் கேட்க வேண்டியதை முனையத்திலேயே கேளுங்கள். கேள்வியை முடிவு வரும் வழியில் கலக்காதீர்கள், கலந்தால் அதை வாங்கும் அடுத்த நிரல் குழம்பும். எதிரே மனிதரே இல்லாமல், நள்ளிரவில் தானாக ஓடும் வேலையாக இருந்தால், வராத பதிலுக்காகக் காத்திருக்காமல் பிழையைச் சொல்லி வெளியேறுங்கள். எப்படி முடிந்தாலும், பாதியில் நின்றாலும், எதிரொலியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போங்கள். 'ஆமா, இல்லையா' என்று கேட்டால், வெறும் என்டர் தட்டினால் எது நடக்கும் என்பதை எல்லாக் கேள்வியிலும் ஒரே மாதிரி காட்டுங்கள். ஒரு கேள்வியில் என்டர் அழிப்பதாகவும் அடுத்ததில் காப்பதாகவும் இருந்தால், பழகிய விரல் ஒருநாள் தப்புச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மௌனமாக இருக்கப்போகிறோம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடைசி விதியை நான் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. வகுப்பின் இறுதி ஞாயிறு அன்று ஆளுக்கொரு சிறு நிரல் எழுதச் சொன்னோம். அந்தப் பெண் தன் அம்மாவின் வேலைநாள், கூலிக் கணக்கை எழுதிவைக்க ஒரு ஷெல் நிரல் எழுதியிருந்தாள். கணக்கைத் திறக்கக் கடவுச்சொல். கேள்விக்கு மேலே, நாங்கள் யாரும் சொல்லித் தராத ஒரு வரி இருந்தது: "நீங்க தட்டுறது திரையில தெரியாது. கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. முடிச்சதும் என்டர் அழுத்துங்க."

மாலையில் அவளை அழைத்துப்போக அம்மா வந்தார். மகள் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் அந்த வரியை வாய்க்குள் மெல்லப் படித்தார். உப்பில் வெடித்த விரலால் ஒவ்வொரு விசையாகத் தேடித் தட்டினார். திரையில் ஒன்றும் நகரவில்லை. அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்டரை அழுத்தினார். கணக்கு திறந்தது.

(அடுத்த அத்தியாயம்: ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோனபின், 1995இல் டாட்டு யிலோனென் எழுதிய எஸ்.எஸ்.எச்.)